ஐம்பது நிமிட தூரம்

“பஸ்ஸுல போனா பாதி நாள் ஆகுது. இதுல ஐம்பதே நிமிஷமாமே, நிஜமாவா சார்?”

ஜன்னலோர இருக்கையில் இருந்த அம்மாள் கேட்டாள். தையல் கடை வைத்திருப்பதாக உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டிருந்தாள். விமானத்தில் ஏறுவது அவளுக்கு இதுதான் முதல் முறை.

பக்கத்து இருக்கைக்காரர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். வாரம் தவறாமல் இதில் போகிறவர் என்பதால், விமானத்தையே விலைக்கு வாங்கிவிட்டது போன்ற ஒரு மிதப்பு அவருக்கு.

“நம்புங்கம்மா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இறக்கி விட்டுடுவான். அந்த ஊர்ல யாரு இருக்கா?”

“கூடப் பொறந்த தம்பி.”

“அடிக்கடி வந்து பார்ப்பாரா?”

“அவனா? நான் இருக்கிற ஊரு அவனுக்கு நிலாவுல இருக்கு. என் வீட்டு வாசப்படி மிதிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. போன மாசம் எனக்கு ஆபரேஷன். ‘அக்கா, துடிச்சுப் போயிட்டேன்’னான். போன்லதான். துடிச்ச துடிப்புல கால் மட்டும் நகரலை போல.”

விற்பனையாளர் சிரித்துவிட்டார். “காரணம் ஏதாவது சொல்வாரே?”

“வேலைம்பான். ‘உட்கார நேரமில்லக்கா’ம்பான். இத்தனைக்கும் அவன் பார்க்கிறதே உட்கார்ந்து பார்க்கிற வேலை.”

“ஒருவேளை டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்க்கிறாரோ?”

“அவனுக்கு ஏது டிக்கெட்? ஆபீஸே கூட்டிட்டு வருது. அப்படியும் வீடு வந்து சேர மனசில்லை.”

“ஓசியில கூட்டிட்டு வந்துமா!”

விற்பனையாளருக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கும் ஒரு அக்கா உண்டு. பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். ஆனால் அடுத்த வீட்டு அக்கிரமத்தைத் தட்டிக்கேட்க அது ஒரு தடையா என்ன?

“விடாதீங்கம்மா. இன்னைக்கு நேரா வீட்டுக்குப் போய், நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

“வீட்டுக்கு எங்க போறது? இதே விமானம் திரும்புறப்ப நானும் ஏறி வந்துடுவேன்.”

“அப்ப தம்பியைப் பார்க்கிறது?”

“இறங்குறப்ப பார்த்துக்குவேன்.”

விமான நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். உடம்பு தேறாத அக்காவை இப்படி அலைய விடுகிறானே என்று ஆத்திரம் இன்னும் ஏறியது.

“என்ன மனுஷன்மா அவரு? இந்த மாதிரி ஆளை நம்பி சைக்கிள் பின்னாடிகூட உட்காரக் கூடாது.”

“என்ன சார் செய்யறது? வேற வழியில்லாம உட்கார்ந்திருக்கேன்.”

அவர் விளக்கம் கேட்பதற்குள் விமானம் நகரத் தொடங்கியது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

“பயணிகளுக்கு வணக்கம். உங்கள் கேப்டன் பேசுகிறேன். நாம் கடக்கப்போகும் தூரம் முந்நூறு கிலோமீட்டர். பயண நேரம் ஐம்பது நிமிடம்...”

அம்மாள் கண்ணை மூடி, பேச்சு முடிகிறவரை ஒரு சொல் விடாமல் கேட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப பேசினவன் தினம் ரெண்டு வாட்டி நம்ம ஊர்ல வந்து இறங்குறான் சார். வீட்டுக்கு வரத்தான் நேரமில்லை. இன்னைக்கு மட்டும் கதவுகிட்ட நின்னு, ‘எங்களோட வந்ததுக்கு நன்றி’ன்னு எனக்குக் கும்பிடு போட்டே ஆகணும்ல, என் தம்பி?”