அவருக்கும் ஒரு நகல்

“மாமா, இனிமே யாரோட மெயில் யாருக்கு ஃபார்வர்டு ஆகணும்னு அவங்கவங்களே பாத்துக்கலாம். வேணும்னா வெச்சுக்கலாம், வேண்டாம்னா எடுத்துடலாம். என்னைக் கேக்கவே வேண்டாம்,” என்றார் மருமகன்.

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

“எடுத்துத்தான் பாக்கட்டுமே, மாப்பிள்ளை.”

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. குடும்பப் பெயரில் நடப்பது. வீட்டில் எல்லோருடைய மெயில் முகவரிக்கும் வாலாக அந்தப் பெயர்தான். அந்தப் பெயரைத் தேடி வரும் எதுவும் தன் கண்ணில் படாமல் போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மகன், மருமகள், பேத்தி, மனைவி, யாருக்கு மெயில் வந்தாலும் அவருக்கும் ஒரு நகல் வந்துவிடும்.

அதை வேவு என்று அவர் நினைத்ததே இல்லை. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வேவா என்ன?

யாராவது நிறுத்தினால் அவருக்கு அறிவிப்பு வரும் என்று சொல்லிவிட்டு மருமகன் நழுவினார்.

முதல் அறிவிப்பு அந்த மருமகனுடையது. படிகூட இறங்கியிருக்க மாட்டார்.

அடுத்து பேத்தி. அடுத்து மருமகள். பிறகு மூத்தவன். அப்பாவுக்கு எதிரே உட்காரவே யோசிப்பவன், பக்கத்து அறையில் உட்கார்ந்தபடியே நிறுத்திவிட்டான். நடுவில் ஒரு சுவர்தான்.

எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ‘பயனரே நிறுத்திவிட்டார்.’

பெரியவர் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு மனைவி.

அதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

போகட்டும். இன்னும் ஒரு மெயில் பெட்டி இருக்கிறது. சின்னவனுடையது. அதை யாரும் நிறுத்த முடியாது.

கூடத்தில் அவருடைய அப்பாவின் படம், அடுத்து அண்ணனின் படம், அதற்கடுத்து சின்னவனின் படம். அதை மாட்டிய நாளிலிருந்து அவன் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பெட்டியை மூடிவிடலாமா என்று மருமகன் ஒருமுறை கேட்டபோது, “அது பாட்டுக்குக் கிடக்கட்டும்” என்றார்.

செருப்புக் கடைத் தள்ளுபடி வரும். கண் பரிசோதனைக்கு நாளாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி ஞாபகப்படுத்தும்.

அவன் அம்மாவும் எழுதுவாள்.

‘மழை விடவே மாட்டேங்குதுப்பா. உன் நீலச் சட்டையக் காயப்போட முடியல.’

‘உங்கப்பா மாத்திரையப் பூந்தொட்டியில போடறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.’

அதைப் படித்த அன்றிலிருந்து அவர் மாத்திரையை விழுங்கத் தொடங்கினார்.

பதில் என்று ஒன்று வந்திருந்தால், அவள் பெட்டி வழியாக அதற்கும் ஒரு நகல் வந்திருக்கும். வந்ததே இல்லை. இல்லாதவனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாளே, புத்தி தடுமாறிவிட்டதோ என்று பயந்தார். வெளியே தெரிந்தால் வீட்டுக்குத் தலைகுனிவு. அதனால் அவளிடமும் கேட்டதில்லை.

ஆனாலும் அவள் எழுதாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கம்ப்யூட்டர் திரை மின்னியது. சின்னவன் பெட்டிக்கு அவளிடமிருந்து ஒரு மெயில். வழக்கம்போல அவருக்கும் நகல்.

‘இனிமே நாமளே எடுத்துடலாமாம். நான் எடுத்துட்டேன். நீயும் எடுத்துடுப்பா. உங்கப்பா கண்ணுல படாதுன்னா எனக்கு ஒரு வரியாவது எழுதுவ இல்ல?’

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

ஆக, அவளுக்குத் தெரியும். அவர் படிப்பது அவளுக்கு எப்போதுமே தெரியும்.

பாத்திரச் சத்தம் அடங்கியபோது இன்னோர் அறிவிப்பு வந்தது.

சின்னவன் பெயர். ‘பயனரே நிறுத்திவிட்டார்.’

போனை எடுத்தார்.

“மாப்பிள்ளை, சின்னவன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“அவனைத் தவிர யாருக்கும் தெரியாது மாமா. எனக்கே தெரியாது. ஏன்?”

போனை வைத்துவிட்டார்.

எழுந்து கூடத்துக்குப் போனார். சுவரிலிருந்து சின்னவன் அவரைப் பார்த்தான்.

இதே இடத்தில்தான் அன்றைக்கு நின்றான். ஒரு லிஃப்டுக்கு நம் கம்பெனி கொடுத்த சான்றிதழ் பொய், அந்த லிஃப்டில் ஆள் ஏறக் கூடாது என்று அதிகாரிகள் முன்னால் சொல்லிவிட்டு வந்து நின்றான். குடும்பப் பெயர் சந்தி சிரித்தது. “இன்னியோட நீ செத்த” என்றார் அவர். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். மறுநாள் காலையில் சுவரில் ஆணி அடித்தவரும் அவர்தான்.

எங்கே போனான், இருக்கிறானா இல்லையா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்க முதுகு வளையவில்லை.

ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி வந்து நின்றாள்.

“உயிரோட இருக்கிறவன் படத்த இந்த வரிசையில மாட்டினது யாரு?” என்று அதட்டினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முக்காலியை இழுத்து வந்து சுவரோரமாகப் போட்டாள்.

அவர் ஏறிப் படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே மேஜையில் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது.

படத்தை நெஞ்சோடு பிடித்தபடி, முக்காலியை விட்டு இறங்காமல் நின்றார் பெரியவர். அவளாக வாய்விட்டுப் படிப்பாளா என்று காத்துக்கொண்டு.