கிளாமர் என்ற பழஞ்சொல்

புலம்பெயர் தமிழர் கூடும் குறொன்லாண்டில் தவமலரின் அழகு நிலையம் திறக்க வேண்டிய காலை. வாசலில் சிவப்பு நாடா. உள்ளே கண்ணாடிகளில் பனி வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. நாடா வெட்ட வந்த இலக்கண வித்தகர் சிவக்கொழுந்து, ‘கிளாமர்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் பொன்னாடையை உதறிக்கொண்டு பின்வாங்குகிறார். “அரைகுறை உடுப்புக்காரியளின்ரை சொல்லு, பிள்ளை! பலகையை மாத்தினால்தான் வெட்டுவன்.” தவமலருக்குக் கண் கலங்குகிறது, அவர் வெட்டாத கடைக்குள் இந்தச் சனத்தில் ஒருத்தியும் கால் வைக்க மாட்டாள். வித்தகர் அதோடு விடுவாரா? எங்கு போனாலும் கூடவே வரும் தடித்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியை விரித்து, எல்லாருக்கும் கேட்கத் தமிழாக்கி வாசிக்கிறார். “ஸ்கொட்லாந்துப் பழஞ்சொல். பொருள், கண்கட்டு மந்திரம். கேட்டியளே!” கூட்டம் தலையாட்டுகிறது. “படிப்பே மந்திரமெண்டு சனம் பயந்த காலத்தில பிறந்தது. மூலச்சொல்லின் பொருள்...” குரல் அப்படியே நின்றுவிடுகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்க்கிறார். சாயம் பூசிய மீசைக்குக் கீழே வாய் திறந்தது திறந்தபடி கிடக்கிறது. வெளியே பஸ் ஒன்று பெருமூச்சோடு கதவை மூடிக்கொண்டு போகிறது. தவமலர் எட்டிப் பார்க்கிறாள். “இலக்கணமாம்,” என்கிறாள். அவளுக்கே அது நம்ப முடியவில்லை. அவள் மெல்லக் கத்தரிக்கோலை நீட்டுகிறாள். “அப்ப இது உங்கட கடைதானே, ஐயா. வெட்டுங்கோ.”