துப்பாக்கிக்கு வாய்த்த ஸ்பிரிங்

போட்டிக்குப் போகும் கைத்துப்பாக்கி ஒன்றுக்குச் சுடும்போதெல்லாம் தொண்டை அடைத்தது. தோட்டாவின் காலி உறை வெளியே விழாமல் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. மறுநாள் போட்டி. தன்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று அது கலங்கியது.

“நான் இறுக்கிப் பிடிக்காவிட்டால் நீ அடிபட்டு உடைந்துபோவாய்” என்றது உள்ளேயிருந்த முரட்டு ஸ்பிரிங். சுட்டதும் பின்னால் பாயும் துப்பாக்கியின் மேல்பாகத்தை அது பாதியிலேயே இழுத்து நிறுத்தியது.

சுடுகிறவள் தமயந்தி அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இளகிய ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தினாள். உடைந்துபோவோமோ என்று துப்பாக்கிக்குப் பயம் வந்தது.

“பயப்படாதே அக்கா. இந்தத் தோட்டாவின் வேகத்துக்கு நான் போதும். நீ பின்னால் போகிற தூரம் போ, நான் திரும்பக் கூட்டிவந்துவிடுகிறேன்” என்றது புது ஸ்பிரிங்.

தமயந்தி பத்து முறை சுட்டாள். பத்து உறைகளும் துள்ளி விழுந்தன. துப்பாக்கிக்கு எங்கும் வலிக்கவில்லை.

“அப்பாடா!” என்றது அது.

மேசைமேல் முரட்டு ஸ்பிரிங்கும் வெகுநாளைக்குப் பிறகு உடம்பை நீட்டிப் படுத்திருந்தது.