பதிமூன்றாம் எலியின் முடிச்சு

எட்டு எலிகளும் நன்றாக இருந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மரப்பட்டையிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த மஞ்சள் பொடியை, மூன்று வாரம் தண்ணீரில் கலந்து குடித்த எலிகள் அவை. மற்ற எட்டுக்கு வெறும் தண்ணீர்தான்.

பதினாறு எலிகளுக்கும் சிறுநீர்க் குழாயைச் சுற்றி நூலால் ஒரு முடிச்சு. வழி அடைபட்டால் சிறுநீர்ப்பை முக்கி முக்கியே தடித்துப்போகும். கடைசியில் சுருங்கும் பலமே இல்லாமல் ஓய்ந்துவிடும்.

வெறும் தண்ணீர் குடித்தவற்றின் பைகள் அப்படித்தான் ஓய்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. பொடி குடித்தவற்றின் பைகளோ, அடைப்பு என்றால் என்ன என்று கேட்பவை போலச் சுருங்கின.

காப்பாற்றியது பொடியா, அல்லது முடிச்சே தளர்வாக இருந்ததா? தளர்வு என்றால் இரண்டு வருட உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முடிச்சு போடுவது ஒருவரின் வேலை. பன்னிரண்டு வருடமாக அவர்தான். எல்லோருக்கும் அவர் முடிச்சக்கா. நான் மென்று முழுங்கிச் சந்தேகத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க சார். ஒண்ணு லூசா இருந்தாலும் நாளையிலேருந்து நான் நூலைத் தொடல.”

சோதிப்பது எளிது. குழாயோடு ஒரு மெல்லிய எஃகு ஊசியைச் சேர்த்து வைத்து முடிச்சிட்டு, பிறகு ஊசியை உருவிவிடுவார். உருவிய இடம்தான் சிறுநீருக்கு மிஞ்சும் வழி. அதே ஊசியைத் திரும்ப விட்டால் இறுக்கமாக நிற்க வேண்டும். ஆடினால் தளர்வு.

முடிச்சோடு வெட்டியெடுத்த குழாய்களைப் போட்டுவைத்திருந்த புட்டிகளை அவரே ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டினார்.

முதல் முடிச்சில் ஊசி நின்றது. இரண்டாவதிலும் நின்றது. எட்டாவதிலும் நின்றபோது நான் அசடு வழிந்தேன். பொடி ஜெயித்துவிட்டது!

போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. வெறும் தண்ணீர்க் கூட்டத்தின் புட்டிகளையும் வரிசையாக நகர்த்தி வைத்தார்.

பதிமூன்றாவதில் ஊசி ஆடியது. இன்னொரு ஊசிக்கும் தாராளமாக இடம் இருந்தது.

அந்தத் தெம்பான எலி! அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் பொடியின் வெற்றி இன்னும் பெரிதாகும். ஆனால் எனக்கு வாயைத் திறக்கப் பயம். முடிச்சக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

அவர் முடிச்சுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தில் விரல் மெல்ல இறங்கி, ஓரிடத்தில் நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

பதிமூன்றாவதுக்கு முடிச்சு போட்ட நாள், அவர் விடுப்பில் இருந்த ஒரே நாள். ‘ஒரு முடிச்சு போடுவது என்ன பெரிய வித்தையா’ என்று நூலைக் கையில் எடுத்தவரின் கையெழுத்து, பதிமூன்றுக்கு நேரே ஜம்மென்று இருந்தது.

என் கையெழுத்து.

“நாளையிலேருந்து நீங்க நூலைத் தொடாதீங்க சார்.”

சந்தோஷமாகத் தலையாட்டினேன்.