முதலாளி வரும் சத்தம்

“அண்ணாச்சி, எங்க மொதலாளி காரு மட்டும் சத்தமில்லாம ஓடிரவே கூடாது.”

தென்காசி ஒர்க்‌ஷாப்பில் காருக்கு அடியில் படுத்திருந்த எபனேசர், தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். மெல்ல நகர்ந்து வெளியே வந்தார்.

குற்றாலத்து லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ணும் சுகந்தி நின்றாள். அவளுக்குப் பின்னால், அதே லாட்ஜில் ரூம் ரூமாகச் சுடுதண்ணி தூக்கும் முப்பிடாதி.

“என்னம்மா சொல்லுத?”

“இந்தக் காரு ‘ஊ...’ன்னு ஊளை போட்டுக்கிட்டே வருதுல்லா, அந்தச் சத்தம். அதை எடுத்துராதீங்க.”

லாட்ஜ் முதலாளி குற்றாலிங்கத்துக்கு அந்தக் கார் என்றால் உயிர். அறுபத்தேழாம் வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. புனலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி வந்தார். ஆறு வருஷமாக எபனேசர்தான் அதற்கு வைத்தியர். மிச்சமிருப்பது ஒரே ஒரு நோய். பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் தேய்ந்துபோய், வண்டி நகர்ந்தாலே ஊளை.

“லாட்ஜ் வளைவு திரும்பும்போதே கேட்டுரும் அண்ணாச்சி. கேட்டதும் எந்திரிச்சிருவோம்” என்றான் முப்பிடாதி.

“எந்திரிச்சிருவீங்களா? அப்ப அதுவரைக்கும்?”

முப்பிடாதி தலையைச் சொறிந்தான். “சும்மா ஒரு பத்து நிமிசம் கண்ணசருவோம்.”

“நல்லாருக்கே கதை! சம்பளம் வாங்கிக்கிட்டு நீங்க தூங்குவீங்க, அதுக்கு நான் மணி அடிக்கணுமா?”

“சாரல் சீசன்லா அண்ணாச்சி” என்றாள் சுகந்தி. “ஒரு ரூம் காலியாகும் முன்ன அடுத்த குடும்பம் பெட்டியோட நிக்குது. வாரவங்க பூரா எண்ணெயைத் தேச்சுட்டு மெத்தையில உருளுதாங்க. ஒரு நாளைக்கு மூணு தரம் விரிப்பு மாத்துதேன். மத்தியானம் ஆச்சுன்னா காலு தரையில நிக்க மாட்டேங்கு. மொதலாளி கண்ணுல பட்டா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருவாரு.”

“இதுக்கு நான் ஆளில்ல. பஸ்ஸைப் பிடிச்சுப் போய் வேலையைப் பாருங்க.”

இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். எபனேசருக்கு ஆறவேயில்லை. முதலாளிக்குத் துரோகம் பண்ண மெக்கானிக்கையே கூட்டுச் சேர்க்கிறார்களே!

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் ஆட்டோவில் வந்து இறங்கினார். முறுக்கு மீசை. அவர் இருமினாலே பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

கழற்றிய பாகங்களைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார் எபனேசர்.

“ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. இங்கிலாந்துல இருந்து புது செட்டு வரவழைச்சு அப்படியே மாட்டிரலாம். இல்லன்னா, இந்தப் பழைய பல்சக்கரத்தையே வச்சு, பேரிங் மட்டும் புதுசாப் போட்டுப் பூட்டலாம்.”

“எது நிக்கும் வே?”

“ரெண்டும் நிக்கும். பழசுல பல்லு உடையல, தேஞ்சுதான் இருக்கு. பத்து வருசம் ஓடும். ஆனா அந்த ஊளை போவாது. புதுசுன்னா வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போவும். நீங்க வந்து இறங்குததே ஒருத்தனுக்கும் தெரியாது!”

கடைசி வரியை எபனேசர் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

குற்றாலிங்கம் தேய்ந்த பல்சக்கரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாக்கிலேயே வைத்தார்.

“பழசையே பூட்டும்.”

“அண்ணாச்சி! ஆறு வருசம் பாடுபட்டிருக்கேன். ஊளை போட்டுக்கிட்டா இது என் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போவணும்? ஆரு பூட்டினதுன்னு கேட்டா என் பேரைல்லா சொல்லுவாங்க?”

“சொல்லட்டும் வே.”

எபனேசருக்குப் பொறுக்கவில்லை. போட்டு உடைத்துவிட்டார்.

“விவரம் தெரியாமப் பேசுதீங்க. இந்தச் சத்தத்தை வச்சுத்தான் உங்க ஆளுங்க உங்களை ஏமாத்துதாங்க. நீங்க வாரது வரைக்கும் படுத்துத் தூங்குததும், சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடுததும். அந்தச் சத்தத்தை எடுத்துராதீங்கன்னு நேத்து என்கிட்டயே வந்து கேட்டாங்கன்னாப் பாத்துக்கிடுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ரெண்டு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ? யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

குற்றாலிங்கம் யார் என்று கேட்கவில்லை. சிரித்தார். மீசை குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“இங்கன வரைக்கும் வந்துட்டாங்களா? அடப்பாவிகளா!”

“சிரிக்கீங்களே அண்ணாச்சி... அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“நாலு வருசமாத் தெரியும் வே. மத்தியானம் செத்த நேரம் படுங்கன்னு நானே சொல்லிப் பாத்துட்டேன். நான் சோதிக்கேன்னு நினைச்சு, அன்னைக்கு ஒருத்தரும் உக்காரக்கூட இல்ல. சரி, சத்தம் கேட்டு எந்திரிக்கட்டும்னு விட்டுட்டேன். வண்டி இங்கன கெடக்கதால முந்தாநாள் ஆட்டோல போய் இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில விரிப்பு மூட்டையில தலையை வச்சு ஒரு பிள்ளை அசந்து தூங்குது. முழிச்சா நடுங்கிப் போயிரும்லா? செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, பூனை மாதிரி பின்வாசல் வழியா வெளிய வந்து, அரை மணி நேரம் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னேன். என் லாட்ஜுக்குள்ள நானே திருடன் மாதிரி போய்ட்டு வரணுமா? சத்தத்தோட பூட்டும் வே!”