பிரியாணி ட்ரோன்

பனிமலைக் காவல் அரணில் ஹவில்தார் தேவசகாயத்திடம் பழைய பீரங்கிக் குண்டுகள் நிறைய இருந்தன, பீரங்கிதான் இல்லை. அதனால் நகரத்தில் வீடு வீடாகப் பிரியாணி கொடுத்துக்கொண்டிருந்த ட்ரோன் ஒன்றை வாங்கி வந்து, அதன் வயிற்றில் ஒரு குண்டைக் கட்டினார். எதிரியின் பதுங்குகுழியைக் காட்டியதும் அது உற்சாகமாகக் கிளம்பிப் போனது.

கூட இருந்த சிப்பாய் மெஹருன்னிசா காதைப் பொத்திக்கொண்டாள். வெடிச்சத்தம் வரவில்லை. ரேடியோவில் ட்ரோனின் கனிவான குரல்தான் வந்தது.

"வணக்கம், உங்கள் பார்சல் வந்திருக்கிறது. வாங்கிக்கொள்கிறீர்களா?"

கொட்டாவியோடு ஓர் ஆண்குரல் எதிரியின் மொழியில் ஏதோ சொன்னது. ட்ரோன் அதை அப்படியே தமிழில் தந்தது: "நான் எதுவும் கேட்கலையே தம்பி. வேற யாருக்கோ வந்திருக்கும். பாவம், பசியோட காத்துக்கிட்டிருப்பாங்க. சீக்கிரம் கொண்டுபோய்க் குடு."

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்றது ட்ரோன்.

"அண்ணே, திரும்பி நம்மகிட்டயே வருது!" என்று மெஹருன்னிசா அலறினாள். இருவரும் பனியில் குப்புற விழுந்தார்கள். ட்ரோன் குண்டைப் பூப்போல இறக்கிவைத்தது.

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்த 'வாங்கிக்கொள்கிறீர்களா'ங்கிற கேள்வியை அழிச்சிட்டு மறுபடி அனுப்பலாமா அண்ணே?"

தேவசகாயத்துக்கு அந்தக் கொட்டாவிக் குரல் இன்னும் காதில் இருந்தது. "வேண்டாம் மெஹரு" என்றார்.

வயர்லெஸ்ஸில் மேஜர் கூப்பிட்டார். "என்னய்யா, குண்டு போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு சார். அவர்தான் வாங்க மாட்டேன்னுட்டார்."