ஏழு தண்ணீர்

ஹைருல் வீட்டை விட்டுப் போய் முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. நாகூர் மீரான் பட்டறையைத் திறந்து, கைப்பேசியை வேலை மேசையின் வைஸுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, மகனின் அழைப்புக்காகக் காத்திருந்தார்.

வியாழக்கிழமை மாலை தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. புஞ்சாக் ஆலாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன் வீட்டில் சொல்லாமலே படிப்பை விட்டிருந்தான். மீரான் கை நீட்டிவிட்டார்; மோட்டார் சைக்கிள் சாவியையும் பிடுங்கிக்கொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் பட்டறையின் பின்வழியாக அவன் நடந்தே கிளம்பிப் போனான்.

கோலாலம்பூரில் எந்தக் கூட்டாளியின் அறையிலாவது இருப்பான், கோபம் தணிந்தால் வருவான் என்று எல்லோரும் சொன்னார்கள். மீரானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாய்."

வாசலில் நல்லசாமி நின்றார். பட்டறைக்குப் பின்னாலிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். கன்றுகளைத் தோண்டிப்போடும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்காக நிர்வாகம் உரிமம் வாங்கிக் கொடுத்திருந்த துப்பாக்கி, அவர் கையில் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"என்னப்பா இது, துப்பாக்கியா, வெறகா?"

நல்லசாமி அதை அப்படியே நீட்டினார்.

ஜப்பான்காரன் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி அது. துருவேறிக் கிடந்ததை ஒரு காலத்தில் மீரான்தான் சுரண்டி எடுத்து, மெர்பாவ் மரத்தில் புதுக் கட்டை செதுக்கிப் பொருத்தி, வேட்டைக்கு ஆக்கிக் கொடுத்தார். அந்தக் கட்டைதான் கைப்பிடியருகே பிளந்திருந்தது. பிளவெல்லாம் காய்ந்த ரத்தம்.

மீரான் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "கழுவாமயா கொண்டாந்த?"

பன்றி ரத்தம் பட்டதை மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரில். இதை மீரான் நல்லசாமிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. எப்போது வந்தாலும் வீட்டிலேயே கழுவித் துடைத்துத்தான் கொண்டு வருவார். இன்றுதான் முதல் தடவையாக இப்படி.

"பாய், நான் வந்தது..."

"தெரியுது, தெரியுது. அவசரம். மொதல்ல அந்த வாளிய எடு."

நல்லசாமி வாளியை எடுத்தார். குழாயடி வரை போனவர், அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சலாய்யா? சரி, வை. நானே பாத்துக்கிறேன்."

மீரான் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். மண்ணைக் கரைத்து முதல் தண்ணீரை ஊற்றி, பிளவுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தார். சிவப்பாக வழிந்தது. இரண்டாவதும் சிவப்பு. ஐந்தாவதில் தெளிந்தது.

"கீழ விழுந்து ஒடஞ்ச மாதிரி தெரியலியே. எதுலயோ ஓங்கி அடிச்சிருக்க."

"மரத்துல அடிச்சேன், பாய்."

"போல்ட் மாட்டிக்கிச்சா? அந்தக் கோவமா?"

நல்லசாமி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று மீரான் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி கதீஜாவின் குரல் கேட்டது.

"இந்தாங்க, போன் அடிச்சுச்சா?"

"அடிச்சா சொல்ல மாட்டனா? நீ போய்ச் சாப்புடு."

அவள் சாப்பிட மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஏழாவது தண்ணீரை ஊற்றி முடித்தார். கட்டையைக் கழற்றிக் காற்றடித்து வெயிலில் வைத்தார். இரும்பில் ஈரம் தங்காமல் எண்ணெய் பூசினார். குழலை வானத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"தப்பிச்ச. குழல் நேராத்தான் இருக்கு. முன்னாடி குறி பாக்குற முனைதான் வளைஞ்சிருக்கு. எந்திரிச்சுப் போயேன், வேலை வெட்டி இல்லியா ஒனக்கு?"

நல்லசாமி போகவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும் வரை அந்தத் திண்டிலேயே இருந்தார். இரண்டு முறை "பாய்" என்று ஆரம்பித்தார். இரண்டு முறையும் மீரானின் கண் கைப்பேசிக்குப் போனது.

கட்டை காய்ந்ததும் மீரான் பிளவில் பசையை இறக்கினார். குறுக்கே பித்தளைக் கம்பி ஏற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். கைக்கு வேலை இருந்ததில் மனசு கொஞ்சம் இளகியிருந்தது.

"நீ ஒண்ணும் கவலப்படாத. பழையபடி ஆக்கிடலாம். இத விட மோசமா இருந்தத சரி பண்ணவன்லா நான்." பிதுங்கிய பசையைத் துணியால் வழித்தெடுத்தார். "புள்ளைங்களத்தான் அடிக்கக் கூடாது, நல்லசாமி. தோளுக்கு வளந்தவன். அடிச்சுட்டேன்."

நல்லசாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"பசை காயணும். திங்கக்கெழம ரெடியாயிடும். நீ வெயில்ல நடந்து வராத. ஹைருல் அதுக்குள்ள வந்துருவான். மோட்டார் சாவியக் கையில குடுத்து, ஒன்னக் கூட்டியாரச் சொல்லி ஒன் லயத்து வீட்டுக்கு அனுப்புறேன். சாவியப் பாத்தா வாப்பா மேல உள்ள கோவம் போயிடும், என்ன சொல்ற?"

நல்லசாமி எழுந்து வந்து மீரானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அவன் வர மாட்டான், பாய். பன்னின்னு நெனச்சுத்தான் சுட்டேன்."